புல்வெளிக்கு ஒரு பொதுக்கூட்டம்

ஒரு புல்வெளியைக் காப்பாற்றுவதற்காக நான் கூட்டம் கூட்டினேன். அந்தக் கூட்டத்தில் மிதிபட்டே அந்தப் புல் செத்தது. இதை இதுநாள்வரை நான் எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. அதற்கு அவசியமும் நேரவில்லை. நேரில் பார்த்தவர்களே முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. வாங்கிய சம்பளத்துக்குத் தேவைப்பட்டதைவிட அதிகமாக ஆங்கிலப் புத்தகங்கள் படித்திருந்தேன். அந்தக் குற்றத்துக்காக எங்கள் வட்டாரத்து மன்றத்தில் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். செயலாளர் என்றால் நோட்டீசு எழுதுகிறவர், பெஞ்சு தூக்குகிறவர், நன்றியுரை சொல்ல எழுந்ததும் சபை கலைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்.

திடல் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்தது. கீழே கடையும் மேலே குடியிருப்புமான கடைவீடுகளின் முதுகுக்கும் கால்வாய்க்கும் நடுவே, ஒரு பந்து மைதானத்தை விடச் சற்றே பெரிதாக, நான்கு பக்கமும் கோணலாகக் கிடந்தது. அதற்குப் பெயர் கிடையாது. நாங்கள் திடல் என்போம். மலாய்க்காரர்கள் பாடாங் என்பார்கள். அதற்கும் அர்த்தம் அதுதான். யாரும் அதை உண்டாக்கவில்லை. ஊர் முழுக்கக் கட்டிக்கொண்டே வந்தவர்கள் ஏதோ ஞாபகப்பிசகில் விட்டுப்போன இடம் அது.

நான் குடியிருந்த மாடி அறையின் பின்சன்னல் அதைப் பார்த்துத் திறக்கும். விடுமுறை நாட்களில் காலை ஒன்பது மணிக்கு, பாதித் தூக்கத்தில், சன்னல் கட்டையில் முகவாயை வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஓட்டுக்கூரைகளைத் தாண்டி வெயில் இறங்கிவரும். பனி ஈரம் காயும் வரை புல்லின் மேல் மெல்லிய வெண்மை ஒன்று நிற்கும். அதற்குள்ளிருந்து வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி, தலையில் சுருட்டிய பாய்களோடு, கால் தரையில் படுகிறதா என்றே தெரியாதபடி நடந்து வருவாள். பாய்களை விரிப்பாள். பாய்களின் மேல் அப்பளங்களை ஒவ்வொன்றாக அடுக்குவாள். கொஞ்ச நேரத்தில் பச்சை நிலத்தின் மேல் நூற்றுக்கணக்கான வெள்ளை வட்டங்கள். மேகத்தின் நிழல் ஒன்று கால்வாய்ப் பக்கமிருந்து வந்து பாய்களின் மேல் நடந்து போகும். நிழல் பட்ட அப்பளங்கள் சாம்பல் பூத்து, அது கடந்ததும் வரிசையாக மறுபடி கண் விழிக்கும். நான் அப்படியே மறுபடி தூங்கிவிடுவேன். இன்றைக்கும் என் கனவுகளில் சொர்க்கம் என்று ஏதாவது வந்தால் அது உளுந்து வாசனையோடுதான் வருகிறது.

அவளை நாங்கள் அப்பளக்கார அக்கா என்போம். எங்கள் கடைவீட்டிலேயே கீழே கடைசி அறை அவளுக்கு. அந்த அறையின் சன்னல் ஒரு சுவரைப் பார்த்துத் திறக்கும். புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் ரயில்பாதை போடப் போனவர். பாதை போய்ச் சேர்ந்தது, அவர் திரும்பவில்லை. அதன்பின் சில வருஷம் கேலாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் புகைக்குள் வேலை பார்த்தாள். கண் கெட்டுப்போகிறது என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் சொந்தமாக அப்பளம் இட ஆரம்பித்தது. எங்கள் சாலையின் இலைச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றுக்கும் அவள் அப்பளம்தான்.

அப்பளத்துக்கு வெயில் மட்டும் போதாது, புல்லும் வேண்டும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். சிமெண்டுத் தரையில் போட்டால் அடியில் சூடேறி ஓரம் வளைந்துகொள்ளும். வெறும் மண்ணில் போட்டால் காற்றடிக்கும்போது புழுதி ஒட்டும். புல்லின் மேல் பாய், பாயின் மேல் அப்பளம் என்றால் கீழே குளிர்ச்சி, மேலே காய்ச்சல், புழுதி கிடையாது. நான் படித்த ஆங்கில நாவல்களில் புல்வெளியில் சீமாட்டிகள் தேநீர் குடிப்பார்கள். எதற்காகப் புல்வெளி என்று ஒருத்தரும் காரணம் சொன்னதில்லை.

திடலில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. எழுதப்படாத சட்டம். முதல் மழைத்துளி விழுந்ததும் யாராவது கத்துவார்கள். தமிழில் "மழை!" என்றோ, மலாயில் "ஹுஜான்!" என்றோ, சீனத்தில் எங்களுக்கு விளங்காத எதுவோ. காதில் விழுந்த எல்லாரும் போட்டதைப் போட்டபடி ஓடிவர வேண்டும். பந்து விளையாடுகிறவர்கள் கோல் போடும் காலை நடுவில் நிறுத்திவிட்டு வருவார்கள். நாங்கள் நானா என்று கூப்பிடும் டீக்கடைக்காரர், ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நிற்க வருவார். ஒரு பாய்க்கு இரண்டு பேர்; ஆளுக்கொரு முனை; தூளிபோலத் தூக்கிக்கொண்டு கடைகளின் அஞ்சடிக்கு, அதாவது கூரை போட்ட நடைபாதைக்கு, ஓட்டம். சிங்கப்பூர் மழை முன்னறிவிப்புக்கும் அடிக்கும் நடுவில் ஒரு நிமிஷம்தான் கொடுக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் பதினைந்து பாய்களும் ஏறிவிடும். அக்கா ஒருநாளும் யாரையும் கூப்பிட்டதில்லை. நன்றி சொன்னதும் இல்லை. ஈரச் சட்டையோடு நாங்கள் நிற்கும்போது ஒவ்வொரு பாயாகக் குனிந்து பார்ப்பாள். உடையவில்லை என்றால் தலையை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலுக்காக நான் ஆபீசில் பொய் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்த நாட்கள் உண்டு.

என்னோடு மறுமுனையைப் பிடிப்பவர் பக்கத்துத் தெருவின் சீனத் தச்சர். குள்ளமாக, தோளில் எப்போதும் மரத்தூளோடு இருப்பார். "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவார்; மூன்றில் தூக்க வேண்டும். வருஷக்கணக்காக ஒரே பாயின் இரண்டு முனைகளைப் பிடித்து ஓடியிருக்கிறோம். கடைசிவரை அவர் பெயரை நான் கேட்டதில்லை, அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. மழையில் அதற்கெல்லாம் ஏது நேரம்?

ஒருநாள் காலை திடலில் சிவப்புத் தலை வைத்த மரக்குச்சிகள் முளைத்திருந்தன. முக்காலிக் கருவி வழியாக ஒருவர் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நானா அவருக்கு ஒரு டீ கொடுத்து விஷயத்தை வாங்கிவிட்டார். திடலில் கிடங்கு ஒன்று வருகிறதாம். இரும்புக் குழாய்கள் அடுக்கவும் லாரிகள் நிறுத்தவும்.

அக்கா ஒரு குச்சியின் பக்கத்தில் நின்றாள். அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் எழுதியிருந்தது.

"தம்பி, நீங்க படிச்சவங்க. இந்தக் குச்சி என்ன சொல்லுது?"

சொன்னேன்.

"வெயிலு ரோட்டுலயும்தான் அடிக்குது, காரு போவுது. கூரை மேலயும் அடிக்குது, காக்கா விடாது. எனக்குன்னு அடிச்சது இந்த எடத்துலதான்." குச்சியை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, "இது போயிட்டா மறுபடி கேலாங் அடுப்படிதான்," என்றாள். அழவில்லை. நாளைக்கு எந்தப் பஸ் என்று யோசிக்கிற முகத்தோடு சொன்னாள்.

"விடுங்கக்கா, நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் இந்த வாக்கியம்தான்.

புத்தியுள்ளவன் அடுத்த நாள் ஒரு காகிதத்தோடு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போயிருப்பான். நானும் ஒரு மனு எழுதத்தான் செய்தேன். மூன்று பக்கம். திடலை மாநகரத்தின் நுரையீரல் என்று ஓரிடத்திலும், மரகதக் கம்பளம் என்று இன்னோரிடத்திலும் ஆங்கிலத்தில் வர்ணித்திருந்தேன். அப்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அப்பளத்துக்கு ஆங்கிலத்தில் கம்பீரமான சொல் எதுவும் அகப்படவில்லை. ஆனால் மனுவை அனுப்புவதற்கு முன் மன்றத் தலைவரிடம் காட்டினேன். அவர் துணிக்கடைக்காரர். ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டால் தன்னையே மறந்துவிடுவார்.

"மனு இருக்கட்டும். மொதல்ல கூட்டம்!" என்றார்.

நாம் எந்தக் காரியத்தையும் கூட்டம் போட்டுத்தான் தொடங்குவோம். பல காரியங்களை அதிலேயே முடித்தும் விடுவோம். எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. பள்ளிக்கூட மண்டபம் கிடைக்கும் என்றார் நானா.

தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்னா நானா நீங்க. திடலைக் காப்பாத்துற கூட்டத்த திடல்லதான்யா போடணும். அதுலதான் ஒரு இது இருக்கு."

அந்த "இது" எனக்குப் பிடித்துப்போனது. கவித்துவமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். காலையிலேயே லாரி வந்தது. மேடைக்குப் பலகைகள், அவற்றைத் தாங்க எண்ணெய்ப் பீப்பாய்கள், பந்தலுக்குக் கம்பங்கள். லாரி மூன்று நடை வந்தது. மூன்றாம் நடையில் சக்கரம் மாட்டிக்கொண்டு, அதை எடுப்பதற்குள் இரண்டு நீளமான பள்ளங்கள் உழுதுவிட்டது. பந்தல்காரர்கள் கம்பம் நட ஆழமான குழிகள் தோண்டினார்கள். நான்தான் கூடவே நின்று, "இன்னும் கொஞ்சம் ஆழமா, காத்தடிச்சா சாயும்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஐஸ்கட்டி வண்டி வந்தது. கடலை வண்டி வந்தது. ஒலிபெருக்கிக் குழாயை மரத்தில் கட்டியதும் ஜனம் வந்தது. எதற்குக் கூட்டம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பந்தலைப் பார்த்துவிட்டு, "யாருக்கு கல்யாணம்?" என்று ஒருவர் என்னையே கேட்டார்.

பதினெட்டுப் பேர் பேசினார்கள். தலைவர் முதலில் பேசினார். "இந்தப் புல்லு மேல ஒரு கால் படவும் நாம விடமாட்டோம்!" என்று அவர் முழங்கியபோது அறுநூறு கால்கள் அதன் மேல் நின்று கைதட்டின. அவருக்கு ஒரு பொன்னாடை. அவருக்குப் போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை. ஐந்தாவது பேச்சாளரின்போது மழை வந்தது. பழக்க தோஷத்தில் நூறு பேர் பாய் தேடி ஓடினார்கள். அன்று பாய் இல்லை. அக்கா கூட்டத்துக்காக அன்றைக்கு அப்பளம் போடவில்லை. ஓடியவர்கள் வெட்கத்தோடு திரும்பி வந்து சேற்றில் நின்றார்கள். யாரும் கலைந்து போகவில்லை. இன்னும் பதின்மூன்று பேர் பேச வேண்டியிருந்தது. அவர்களின் உறவினர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அந்தி மயங்கும்போது நான் நன்றியுரை சொன்னேன். அப்போது எதிரே இருந்தது கடலைத் தோலும், என் அப்பளக்கார அக்காவும்தான். கால்வாய் ஓரத்தில் தனியாக நின்று, என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை சன்னலைத் திறந்தேன். பச்சையே இல்லை. ஒரு பெரிய தட்டில் யாரோ சாப்பிட்டுவிட்டுக் கைகழுவாமல் போனதுபோலக் கிடந்தது திடல். நடுவில் லாரி உழுத சால்கள், அவற்றில் தண்ணீர், தண்ணீரில் வானம். அப்போதும் பார்க்க அழகாகத்தான் இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அத்தனை மேகங்கள் தரையில் கிடந்தன. அக்கா தலையில் பாய்களோடு வந்தாள். ஓரத்தில் நின்றாள். ஒரு காலை எடுத்துச் சேற்றில் வைத்துப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

நானா கடை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, மாடியில் இருந்த என்னைப் பார்த்தார். "ஆடு மேஞ்சிருந்தாக்கூட கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கும் தம்பி," என்றார்.

அந்த வாரம் எங்கள் சாலையில் சோறு அப்பளமில்லாமல் வந்தது. இலைக்கு முன் உட்கார்ந்தவர்கள் சாம்பாரை ஊற்றிவிட்டு, எதையோ மறந்த மாதிரி இலையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சேறு காய்ந்து மண்ணான பிறகு அக்கா ஒரு தரம் துணிந்து பாய் விரித்தாள். அந்த அப்பளத்தில் மண் கடித்தது. சாப்பாட்டுக் கடை முதலாளி நல்ல மனுஷன், திட்டவில்லை. "புல்லு வந்ததும் சொல்லுங்கம்மா," என்று மட்டும் சொன்னார். ஒருநாள் மாலை அவள் அறையைக் கடந்தபோது கதவு திறந்திருந்தது. கேலாங்குக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு பழைய புடவையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்புச் சத்தம் கேட்காமல் மாடியேறினேன்.

இந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. கூட்டத்துக்கு முன்பே நான் தபாலில் போட்டிருந்த மனு கிடைத்ததாம். மரகதக் கம்பளத்தை நேரில் பார்க்க ஓர் அதிகாரி பத்து நாளில் வருகிறாராம்.

தலைவருக்கு வியர்த்துவிட்டது. "கம்பளம்னு எழுதி வச்சிருக்கியேப்பா. எங்க இருக்கு கம்பளம்?"

"வாங்கித்தான் போடணும்," என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, துணிக்கடை வேனில், தலைவரும் நானும் இன்னும் நாலு பேரும் சாங்கிக் கடற்கரைக்குப் போனோம். மற்றவர்கள் அங்கே குளிக்கப் போவார்கள். நாங்கள் சாலையோரத்தில் குந்திக்கொண்டு மண்வெட்டியால் புல்லைக் கட்டிகட்டியாகப் பெயர்த்துச் சாக்கில் போட்டோம். கடல் ஒரு தூக்கக் கலக்கத்தில் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. தென்னைகளுக்கு அடியில் வெளிச்சம் காசு காசாக விழுந்து அசைந்தது. நான் மண்வெட்டியைப் பிடித்தபடி அதிலேயே லயித்து நின்றேன். சைக்கிளில் வந்த காவல்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, சாக்கில் என்ன என்று மலாயில் கேட்டார். புல் என்றோம். திறந்து காட்டச் சொன்னார். புல்தான். மாடு வைத்திருக்கிறீர்களா என்றார். இல்லை என்றோம். கழுத்துப்பட்டி கட்டிய தலைவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வழக்கு எழுத வேண்டிய விஷயம் இது இல்லை என்று முடிவுசெய்துகொண்டு போனார்.

கொண்டுவந்த புல் பதினைந்து இடத்துக்குத்தான் போதுமாயிருந்தது. அசிங்கமாகத் தெரிந்த இடங்களைப் பார்த்து ஒட்டுப்போட்டோம். எல்லாவற்றையும் விட அசிங்கம் பந்தல்கால் குழிகள். யாரும் மூடாமல் விட்ட அந்தக் குழிகளில் தண்ணீர் நின்றது. அவற்றின் மேல் சுள்ளிகளைப் பரப்பி, அதன் மேல் புல்கட்டியை வைத்துவிட்டோம். வைத்த பிறகு பார்த்தால் திடலிலேயே பசுமையான இடங்கள் அவைதான். என் யோசனைதான் அதுவும்.

அதிகாரி வந்ததற்கு முதல்நாள் இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலையில் வெயிலே வரவில்லை. எல்லாம் ஒரு பால் வெளிச்சத்தில் மிதந்தது. அவர் இளைஞர், சீனர், மரியாதையானவர். வெள்ளை முழுக்கால்சட்டை, காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து, கையில் ஒரு கோப்பு. தலைவர் மாலை போட்டார். அதிகாரி மாலையோடு என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டே நடந்தார். அக்கா அஞ்சடியில், சுருட்டிய பாய்களின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நானா. தச்சர் வேலையை விட்டுவிட்டு வந்து எங்கள் பின்னால் நின்றார். எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

நான் மனுவைப் படித்துக்கொண்டே அதிகாரியோடு நடந்தேன். முதல் பக்கம் முடியும்போது, சேறு படாமல் இருக்க அவர் புல் இருக்கும் இடமாகப் பார்த்துக் கால் வைக்கிறார் என்பதைக் கவனித்தேன். கவனித்தேனே தவிர, அதன் விளைவை யோசிக்கவில்லை. நான் நுரையீரலைத் தாண்டிக் கம்பளத்துக்கு வந்துகொண்டிருந்தேன்.

"இந்த மரகதக் கம்பளத்தின் மேல் கால் வைக்கும் எவரும்..." என்று படித்து நிமிர்ந்தேன். பக்கத்தில் அதிகாரி பாதி உயரத்தில் இருந்தார். ஒரு கால் வெளியே; ஒரு கால் தொடை வரை பூமிக்குள். முகத்தில் கோபமில்லை. எதிர்பாராத இடத்தில் மாடிப்படி முடிந்துவிட்டவரின் திகைப்புதான் இருந்தது.

"அடோய்," என்றார் மெதுவாக.

நான் மனுவோடு அப்படியே நின்றேன். தச்சர்தான் அசைந்தார். முன்னால் வந்து அதிகாரியின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மறுபக்கத்தைப் பார்த்து எனக்குத் தலையசைத்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன்.

"சத்து, டுவா, தீகா."

மூன்றில் தூக்கினோம். சதக்கென்று கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. எங்களுக்குத் தூக்கினால் ஓடத்தான் தெரியும். அதிகாரியை நடுவில் தூளியாகத் தூக்கிக்கொண்டு, மாலை குலுங்க, சகதி தெறிக்க, ஒரே ஓட்டமாக அஞ்சடிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அக்கா எழுந்து வந்து, பழக்கத்தில் குனிந்து அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். உடையவில்லை. தலையை ஆட்டினாள்.

நானா டீ கொடுத்தார். குழிக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவியும் சப்பாத்து அகப்படவில்லை. கடைசியில் நானா தன் மரக்கட்டைச் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். அதிகாரி அதைப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் நன்றி சொல்லி, சாலையில் டக் டக்கென்று ஓசை தேய்ந்து மறைய நடந்து போனார். தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா, "பாவம், புது சப்பாத்து," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். புடவைக் கிழிசல் தைத்து முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மேற்படி இடத்தில் கிடங்கு கட்டும் உத்தேசம் கைவிடப்பட்டது. ஒரே வரி. அதை நான் எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள். மனுவின் நகலையும் எடுத்து, எந்த வாக்கியம் அவர்கள் மனத்தை மாற்றியிருக்கும் என்று ஆராய்ந்தேன். நுரையீரல்தான் என்று எனக்குப் பட்டது.

அந்த இரண்டு மாதமும் அக்கா கேலாங்குக்குப் போய்வந்தாள். கண்கள் சிவந்து மாலையில் திரும்புவாள். கடிதத்தை நான் படித்துக் காட்டியபோது, "அப்ப சரி, புல்லு வர்ற வரைக்கும்," என்றாள். நாங்கள் யாரும் எதுவும் செய்யவில்லை. செய்யாமல் இருந்ததுதான் எங்கள் பங்கு. சாங்கிப் புல் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. குச்சிகளை யாரோ அடுப்புக்கு எடுத்துப்போனார்கள். மழை வந்தது, வெயில் வந்தது. ஒருநாள் காலை லாரிச் சாலின் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் இல்லை, கசக்காமல் பார்த்தால் இருந்தது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அது கொஞ்சம் நகர்ந்தது. தூங்குகிறவர் போர்வையை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்வதுபோல, திடல் பச்சையை இழுத்து மேலே போர்த்திக்கொண்டது. பிறகு ஒரு காலை, பனி வெண்மைக்குள்ளிருந்து, தலையில் பாய்களோடு அவள் நடந்து வந்தாள். அன்று நான் மறுபடி தூங்கவில்லை.

அதே வாரம் நானா கடையில், அந்த அலுவலகத்தில் பியூனாக இருக்கும் ஒரு தம்பியைப் பார்த்தேன். மனு அதிகாரிகளிடையே எப்படிப்பட்ட எண்ணத்தை உண்டாக்கியது என்று, ரொம்ப சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ரிப்போர்ட்டுல அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நெலம் சதுப்பு, ஆளையே முழுங்குது, கிடங்கு நிக்காதுன்னு எழுதியிருக்காரு. அவ்ளதான் லா."

"அப்ப மனு?"

"இருக்கு, இருக்கு. தொலைஞ்ச சப்பாத்துக்கு வேற கேட்டு எழுதியிருக்காரில்ல, அந்த ஃபைல்ல அத்தாட்சியா வச்சிருக்காங்க."

நானா டீயை உயரத் தூக்கி ஆற்றியபடி, என்னைப் பார்க்காமல் சிரித்தார். நான் அதைத் தலைவரிடம் சொல்லவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஓர் ஓரத்தைச் சாலை எடுத்துக்கொண்டது. நானும் அதற்குள் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டேன். அதுவரை திடல் என் ஆங்கிலத்தால் பிழைத்தது என்றுதான் வட்டாரத்தில் பேச்சு. நானும் அதை மறுத்ததில்லை.

அப்படிப்பட்ட வெற்றியை எங்கள் மன்றம் சும்மா விடுமா? புல் திரும்பிய கையோடு வெற்றி விழா எடுக்க வேண்டும் என்றார் தலைவர். எங்கே என்று யாரும் கேட்கவில்லை, திடலில்தான். மேடை, பந்தல், ஒலிபெருக்கி, இந்தத் தரம் இருபத்தைந்து பேச்சாளர்கள். நான் நோட்டீசு எழுதினேன். அக்காவை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவதாகத் தீர்மானம். சம்மதம் கேட்டுவர என்னை அனுப்பினார்கள்.

அவள் திடலில் குந்தியிருந்தாள். காலை வெயில் இளமஞ்சளாக இருந்தது. ஒரு மேகநிழல் கால்வாய்ப் பக்கமிருந்து அப்போதுதான் புறப்பட்டிருந்தது. நான் நோட்டீசை முழுக்கப் படித்துக் காட்டினேன். "புல்வெளியைக் காத்த பெருவெற்றி" என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். அவள் அப்பளங்களைத் திருப்பிப் போடுவதை நிறுத்தவில்லை. கடைசிப் பாய் முடிந்ததும் தலையைத் தூக்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, துண்டு போத்துறதுன்னா இங்கயே போத்திட்டுப் போங்க, ஒரு ஆளு போதும். கூட்டமெல்லாம் வேணாம்யா. போன தடவ நீங்க காப்பாத்துனதுலேருந்து எந்திரிக்கவே இதுக்கு ஆறு மாசம் ஆயிருச்சு."